பதினோராவது போட்டோ

குடோனில் ஒரு போல்ட்டு குறைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுகிற ஸ்டோர் கீப்பருக்கு, சொந்த வீட்டிலேயே கேபிள் காணாமல் போவது மானப் பிரச்சினையாகிவிட்டது. லேப்டாப்பை டிவியோடு இணைக்கிற கேபிள். அடையாளத்துக்கு நுனியில் சிவப்பு டேப் வேறு சுற்றியிருந்தார்.

"இதோட மூணு கேபிள் போச்சு!" என்று குதித்தார்.

"விடுங்க அத்தான். இந்தக் காலத்துல வயரைக் கட்டிக்கிட்டு யாரு மாரடிக்கிறா? வயர்லெஸ்ல போடுங்க" என்றான் மச்சினன். சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த சொந்தபந்தமும் "ஆமாமா" என்றது.

போட்டார். ஆயிரத்து இருநூறு சுற்றுலாப் படங்களில் பதினோராவது வந்ததும், வழக்கம்போல டிவியில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"அடடா, நல்லா போயிட்டிருந்துச்சே!" என்று மச்சினன்தான் முதலில் எழுந்தான். ஐந்தே நிமிஷத்தில் வீடு காலி.

அடுத்த ஞாயிறு மச்சினன் வீட்டில் கூட்டம். அவன் மகளின் பள்ளி ஆண்டு விழா வீடியோ. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, டிவி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஸ்டோர் கீப்பருக்கு இடுப்பு விட்டுப்போனது.

"ஏன் மாப்ளே, உன் வயர்லெஸ் மட்டும் எப்படி நிக்காம ஓடுது?"

"அது அப்படித்தான் அத்தான். எழுந்திரிச்சிடாதீங்க, பரிசளிப்பே இனிமேதான்!"

கால் மரத்துப்போய் எழுந்தவர், டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சிவப்பு டேப் சுற்றிய கேபிள். பக்கத்து அட்டைப்பெட்டியில் அதேபோல இன்னும் இரண்டு.

ஸ்டாக் சரியாகத்தான் இருந்தது.