கழற்றிய கம்பி

"பைக்ல சாமான் பெட்டி மாட்டணும்னா இந்த சாரி கார்டைக் கழட்டணும் சார்," என்றார் கடைக்காரர். சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பி அது. அதைப் பிடித்தபடிதான் குணசுந்தரி பதினோரு வருடம் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள்.

"கழட்டிருங்கண்ணே, சீக்கிரம்!" என்றாள் அவள்.

கடைக்காரர் அவள் கணவன் தயாளனைப் பார்த்தார். அவன் கண்ணாடி முன் புது ஹெல்மெட்டோடு போராடிக்கொண்டிருந்தான்.

கம்பி தரையில் விழுந்தது. எங்கும் துரு, அவள் கை பிடித்த இடம் மட்டும் பளபளத்தது.

அவளுக்கு லைசென்ஸ் வந்து நான்கு நாள். குணசுந்தரி பேண்ட்டின் மேல் முட்டிக்காப்பை இறுக்கிக்கொண்டு, முன்னால் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். கடைக் கண்ணாடி அதிர்ந்தது.

"வால்பாறைங்க! நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஏறுங்க!"

தயாளன் பின்னால் ஏறி, கம்பி இருந்த இடத்தைத் தடவினான்.

"சுந்தரி, நான் எதப் புடிச்சுக்கறது?"