நாற்காலியில் மூன்று மாதம்

மறுபயிற்சி பெற்ற தொழிலாளியே நாளைய தேசத்தின் அச்சாணி என்று அரசின் கொள்கை அறிக்கையின் முதல் பக்கம் முழங்கியது. மில் மூடியபின் ஆறு இடங்களில் வயதைக் கேட்டே திருப்பி அனுப்பப்பட்ட சவரிமுத்து, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் மூன்று மாத அரசுப் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறினார். டெண்டர் இழுத்ததில் பயிற்சி நிலையத்துக்கு வண்டி மட்டும் வரவில்லை. எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே ஓட்டிப் பழகினார்கள்.

ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்கான சோதனை.

"சர்டிஃபிகேட்ல பிரமாதம்னு போட்டிருக்காங்களே அண்ணாச்சி! ஏறுங்க. அந்தப் பெட்டி வரைக்கும் ரிவர்ஸ் எடுங்க, பாப்போம்," என்றார் சூப்பர்வைசர்.

"இதுவாவது கெடைக்கணும் தம்பி."

சவரிமுத்து ஏறி அமர்ந்தார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து, மிகக் கவனமாக, வாயாலேயே "பீப்... பீப்..." என்றார்.

சாவி இன்னும் சூப்பர்வைசர் கையில்தான் இருந்தது.