பேர் சொல்லிக் கூப்பிட்டால்

“பஹீமா!”

ஹலீம் மறுபடியும் கத்தினார். குடும்பிமலைப் பாறை அந்தப் பெயரை வாங்கி அடிவாரத்துக் காட்டுக்குள் எறிந்தது. பதில் வரவில்லை.

நிலோஜன் கத்தவில்லை. வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்தவன்போலத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் கரடியனாற்று ஆள். மலை பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை. இன்றைக்கு ஓட்டமாவடியிலிருந்து ஹலீமும் அவருடைய எட்டு வயது மகளும் வந்திருந்தார்கள். ஏறத் தொடங்கும்போதே, பிள்ளையின் கையை விடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாத வாய், தேவையில்லாததை எல்லாம் சொல்லித் தொலைத்துவிட்டது.

உச்சியில், மழைத்தண்ணீர் தேங்கிய குழியில் நீந்திய வால்பேத்தைத் தவளைக்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு பஹீமா குந்தியிருந்தாள். இறங்கும்போது, வழிகாட்டியோடு முன்னால் போகிறாள் என்று தகப்பன் நினைத்தார். தகப்பனோடு பின்னால் வருகிறாள் என்று வழிகாட்டி நினைத்தான். பாதி மலையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது.

ஓடிப் போய் உச்சியில் பார்த்தார்கள், இல்லை; வேறு சரிவால் இறங்கியிருக்க வேண்டும். இறங்கி வந்து அந்தப் பாதிமலைப் பாறையிலிருந்தே கூப்பிட்டார் ஹலீம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலைக்குக் கீழே குளம். மாதுறு ஓயா தேசியப் பூங்காப் பக்கமிருந்து யானைகள் இந்த நேரத்துக்குத்தான் தண்ணீருக்கு இறங்கும். வரும் வழியில் கண்ட யானை லத்தி இன்னும் காயவில்லை.

“நீங்களும் கூப்பிடுங்க தம்பி! என்ட கொரல் அடைச்சிட்டு!”

நிலோஜன் வாயைத் திறந்தான், மூடினான். பிள்ளையின் கால் வெகுதூரம் போயிருக்காது. இந்தச் சத்தம் கேட்காமலும் இருக்காது. ஏன் பதில் வரவில்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

ஏறும்போது ஹலீம் கைப்பேசியில் வியாபாரம் பேசிக்கொண்டு பின்தங்கிவிட்டார். பிள்ளை அவனிடம் கதை கேட்டது. அவனும் சொன்னான். இந்தக் காட்டில் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவது காடேறிப் பேய். அதுவும் தெரிந்தவர்களின் குரலில் கூப்பிடும். கேட்டால் மூச்சுக் காட்டக்கூடாது. மனிதர் என்றால் ‘கூ’ என்று கூக்காட்டுவார்கள், அதற்கு மட்டும்தான் பதில் கொடுக்க வேண்டும்.

பேரைச் சொல்லாதீர்கள் ஹலீம் நானா, கூக்காட்டுங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால், ஏன் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நின்றான். தானே கூக்காட்டலாம். அதற்கும் அதே கேள்வி வரும். தன்னை நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஹலீம் சரிவில் ஓடினார். கால் வழுக்கியது. முழங்கால் கல்லில் அடிபட்டுக் காற்சட்டை கிழிந்தது. அவர் எழும்பப் பார்க்கவில்லை. விழுந்த இடத்திலேயே இருந்து, மகளின் பேரைச் சொல்லிச் சொல்லி, அவ்வளவு பெரிய மனிதர் வாய்விட்டு அழுதார்.

கீழே, மரங்களுக்குள், ஒரு பெரிய கொப்பு முறிகிற சத்தம் கேட்டது.

நிலோஜன் இரண்டு கையையும் வாயோடு குவித்தான்.

“கூ...”

“கூ!”

நிலோஜன் நின்ற பாறைக்கு நேர் கீழேயிருந்துதான் அந்தச் சின்னக் குரல் வந்தது.

பாலை மரத்து வேருக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்கிலிருந்து பஹீமா ஊர்ந்து வெளியே வந்தாள். வாயைப் பொத்தியிருந்த விரல்களின் தடம் கன்னத்தில் சிவந்து கிடந்தது. ஹலீம் இரண்டு கையையும் நீட்டினார். அவள் அவரை விலத்திக்கொண்டு வந்து நிலோஜனின் சட்டையைப் பிடித்தாள்.

“அண்ணன், அது வாப்பாட கொரல்லயே கூப்பிட்டிச்சு. பொறகு வாப்பா மாதிரியே அழுதிச்சு. நான் வாயே தொறக்கல்ல.”

அவள் முகத்தில் பெருமை இருந்தது.

நிலோஜன் ஏச்சு வாங்கத் தயாராக நின்றான். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. ஹலீம் ஏசவில்லை. முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்கட ஆக்கள்ர பழைய வழக்கமா தம்பி?”

“ஓம் நானா. பழைய ஆக்கள் சொல்றது.”

கரடியனாற்றில் அப்படியொரு வழக்கம் ஒருவருக்கும் தெரியாது. காட்டில் தூரத்து ஆளுக்குக் கூக்காட்டுவது உண்டு, மற்றதெல்லாம் கட்டுக்கதை. மரங்களின் பேரைச் சொன்னால் வருகிறவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று, போன வருஷம் நிலோஜன் தானே அவிழ்த்துவிட்டது. நன்றாக எடுபட்டது. அதன்பிறகு ஆளைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டான். தெரிந்தவர்களின் குரலில் கூப்பிடும் என்பதை இன்றைக்குத்தான், பிள்ளை கண்ணை விரித்துக் கேட்ட ஆசையில், புதிதாகச் சேர்த்தான்.

பஹீமா சட்டையை விடவில்லை. தரையில் இருந்த மனிதரைப் பார்த்தாள். கிழிந்த காற்சட்டையையும் அழுது வீங்கிய முகத்தையும் நெடுநேரம் பார்த்தாள்.

பிறகு நிலோஜனைக் குனியச் சொல்லிக் காதுக்குள் கேட்டாள்.

“அண்ணன், இது வாப்பாதானே?”

“ஓம்” என்றான்.

அதற்குப் பிறகுதான் பிள்ளை வாப்பாவிடம் போனது.