கவுதாரியின் பதில்

"மூச்சை மெதுவா விடு மச்சான். பஸ்ஸா ஓட்டுற?"

வேட்டைப் பருவத்தின் கடைசி ஞாயிறு. ஊருக்கு வடக்கே புல்மேட்டில் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தையல்காரரும் அவர் மனைவியின் தம்பியான பஸ் டிரைவரும் ஒரு புதருக்குள் குப்புறப் படுத்திருந்தார்கள். தையல்காரர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கவுதாரிச் சேவலைப்போலக் கூவினார்.

மேட்டின் மறுபுறமிருந்து உடனே பதில் வந்தது.

"கேட்டியா? அது இன்னொரு சேவல். 'இது என் இடம், நீ யாருடா?'ன்னு அதுங்க பாஷையில கேக்குறேன். ரோஷம் வந்து சண்டைக்கு ஓடி வரும். வந்ததும் ஒரே போடு."

"விடிஞ்சதுல இருந்து இதையேதான் சொல்றீங்க அத்தான். வரலையே?"

அதுதான் தையல்காரருக்கும் புரியவில்லை. ரோஷமுள்ள சேவல் இந்நேரம் கண்முன் நிற்க வேண்டும். பயந்த சேவல் என்றால் வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். இது இரண்டையும் செய்யவில்லை. அவர் கூவினால் கூவியது, நிறுத்தினால் நிறுத்தியது. அவர் கொஞ்சம் ஊர்ந்தால் குரலும் கொஞ்சம் நெருங்கியது.

"சீக்கு வந்த சேவலோ?"

"சீக்குக்கு இவ்வளவு தொண்டையா? எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்."

"வெறுங்கையோட போனா உங்க அக்கா துப்பாக்கியை வித்துடுவா. இந்த வருஷம் ஒரு இறகுகூட நான் கொண்டுபோய்க் காட்டல."

"கடையில கோழி வாங்கிக் கவுதாரின்னு சொல்லிடுங்களேன்."

"போன வாரம் சொன்னேன். கண்டுபிடிச்சுட்டா."

மறுபடியும் கூவினார். பதில் இப்போது மிக அருகே, எதிர்ப் புதருக்குள்ளிருந்து வந்தது. புல் அசைந்தது. உருவம் தெரியாமல் சுடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவர், அசைவைப் பார்த்துத் துப்பாக்கியை உயர்த்தினார். விரல் விசைக்குப் போனது.

டிரைவர் சட்டென்று குழலைப் பிடித்துக் கீழே அழுத்தினார்.

"அத்தான், கவுதாரி தொப்பி போடுமா?"

எதிர்ப் புதரிலிருந்து ஒருவர் மெல்ல எழுந்தார். அவர் கையிலும் ஒரு துப்பாக்கி. அதன் முனை இவர்களை நோக்கியே இருந்தது.

அப்பாவின் நிலத்தில் யார் பங்கு எதுவரை என்ற தகராறில், வருடக்கணக்காகத் தையல்காரரோடு ஒரு வார்த்தை பேசாத, அவருடைய கூடப்பிறந்த தம்பி.