முழங்கால் சேறு

பழைய சினிமா ஸ்டூடியோவை இடித்த இடத்தில் வளர்ந்த காடு அது. ஒரே முத்தக் காட்சியைச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்த இடம். ஞாயிறுதோறும் மேவிஸும் டெஸ்மண்டும் பட்டன் என்ற நாயோடு அங்கே நடப்பார்கள். இருவருக்கும் வயது ஐம்பதுக்கு மேல். இருவருமே துணையை இழந்தவர்கள்.

அன்று காட்டு வாசலில் டெஸ்மண்ட் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான். "இன்னைக்கு மழை வராது போலிருக்கே," என்றான்.

அவள் அதைத் தின்று முடித்தபோது ஓக் மரத்தடிக்கு வந்திருந்தார்கள். அவன் சட்டென்று சேற்றில் மண்டியிட்டு, ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான். மோதிரம் நழுவிக் கீழே விழுந்தது. பட்டன் அதை லபக்கென்று விழுங்கிவிட்டது.

"அட நாசமாப் போற நாயே!" என்று கத்தினான் டெஸ்மண்ட்.

மரங்களுக்குள் எங்கோ, படப்பிடிப்பில் கிளாப் அடிப்பதுபோல, இரண்டு பலகைகள் டப்பென்று மோதிக்கொண்டன.

மேவிஸ் மறுபடியும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஐஸ்கிரீம் முழுசாக இருந்தது.

"இன்னைக்கு மழை வராது போலிருக்கே," என்றான் டெஸ்மண்ட். அவனுக்கு எதுவுமே நினைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மேவிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாயின் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சம்மதம், டெஸ்மண்ட்."

"எதுக்கு? நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே!"

"கேப்ப. நாயை நான் புடிச்சுக்கறேன். நீ பெட்டியை மெதுவாத் தொற."

அவன் பைக்குள் கைவிட்டான். அப்போதுதான் குனிந்து பார்த்தான்.

"இதென்ன முழங்கால்ல சேறு? நான் இன்னும் மண்டி போடவே இல்லையே!"

மேவிஸ் சிரித்துக்கொண்டே அதைத் துடைத்துவிட்டாள். ஈரச் சேற்றுக்கு அடியில் காய்ந்த சேறு இருந்தது. அதைச் சுரண்டினால், அதற்கும் அடியில் இன்னும் பழைய சேறு.