தடுப்புக்கு அந்தப் பக்கம்

நீச்சல் உடையைப் போட்டுக்கொள்ளக் குனிந்தபோதுதான் தவளை அதைப் பார்த்தாள்.

சிவப்பு. கொஞ்சம்தான்.

இத்தனை வருஷம் வராமல் இருந்தது, போயும் போயும் இன்றைக்கா வர வேண்டும்! இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

வெளியே குளத்தருகே மூன்று பெண்கள் தொப்பி மாட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்து நிற்கிறார்கள். நால்வர் தொடர் நீச்சல் போட்டி. கையையும் காலையும் விரித்து உதைத்துப் போகிற நீச்சலில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. தவளை என்று பெயர் வந்ததே அதனால்தான். அவள் இறங்காவிட்டால் அணியே கிடையாது. மூன்று பேருடைய ஒரு வருஷப் பாடும் வீண்.

பையின் அடியில், இருக்கட்டும் என்று அம்மா திணித்து வைத்த நாப்கின் இருந்தது. தண்ணீரில் அது ஊறி உப்பிப்போகும், ஒன்றுக்கும் உதவாது. உள்ளே வைத்துக்கொள்கிற டாம்பான்தான் வேண்டும். அதை யாரிடம் கேட்பது? நீச்சல் மாஸ்டரிடம் போய்ச் சொல்வதற்குப் பதில் குளத்தில் மூழ்கிவிடலாம்.

அந்த உடைமாற்றும் அறைகளில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்கள் யாரும் ஏற்படுத்தியதல்ல. பக்கத்துத் தடுப்பைத் தட்டினால், அந்தப் பக்கம் இருப்பவள் கீழ் இடுக்கு வழியாக நாப்கினோ டாம்பானோ ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். கேட்டது யார் என்று எட்டிப் பார்க்கக் கூடாது. கொடுத்தது யார் என்று விசாரிக்கவும் கூடாது.

எல்லாரும் வெளியே போய்விட்டார்கள் என்று தெரிந்தும் தட்டிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

ஈரத் தரையில் எதுவோ நகர்ந்து வந்தது. இடுக்கில் ஒரு டாம்பான் தலை நீட்டியது. அதைத் தள்ளிய விரல்கள் வெளுத்துப்போய், நுனியெல்லாம் சுருங்கி இருந்தன. விடிந்ததிலிருந்து பயிற்சி எடுக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் தவளை.

"முதல் தடவையா?" என்றது ஒரு குரல். மூக்கில் தண்ணீர் ஏறியவள் பேசுகிற மாதிரி இருந்தது.

"ம்" என்றாள். முகம் தெரியாதவளிடம் என்ன வெட்கம்?

குரல் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தது. கையைக் கழுவிக்கொள். மூச்சை அடக்காதே, பயந்தால் உடம்பு இறுகிக்கொள்ளும். நூல் வெளியே இருக்கட்டும். உறுத்தினால் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம். சரியாக இருந்தால் இருப்பதே தெரியாது. உள்ளேயே தொலைந்துவிடுமோ என்று எல்லாரும்தான் பயப்படுவார்கள், எங்கேயும் போகாது. போட்டி முடிந்ததும் மறக்காமல் எடுத்துப் போட்டுவிடு.

ஒருத்தி அவசரத்தில் நாப்கினோடு குதித்துவிட்டாளாம். அது நடுக்குளத்தில் மிதக்க, அப்போதிருந்த மாஸ்டர் யாருடைய பொம்மையோ என்று வலை போட்டு எடுத்து, பிசைந்து வேறு பார்த்தாராம்.

தவளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்ததில் உடம்பு இளகி, வேலையும் சுலபமாக முடிந்தது.

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

முன்னேயெல்லாம் துணிதான், இங்கேயே அலசுவார்கள், அந்தத் தண்ணீர் பூராவும் தன் பக்கம்தான் ஓடி வரும் என்றது குரல். எவளோ சீனியர் கதை அளக்கிறாள் என்று தவளை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள், எம்பிக் குதித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே விசில் அடித்தது. மாஸ்டர் அவளைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

அப்படியே ஓடியிருக்கலாம். வழக்கமும் அதுதான். ஆனால் ஆபத்துக்கு உதவியவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் போக அவளுக்கு மனசு வரவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. உங்களுக்கு எப்போ வந்துச்சு?"

"எனக்கு வரல," என்றது குரல். "நீங்கள்லாம் தட்டறீங்க, அழறீங்க, ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கறீங்க. கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்."

தவளைக்கு ஐயோ பாவம் என்றிருந்தது. தன்னைவிடச் சின்னவளையா அக்கா என்று கூப்பிட்டோம்? ஆறுதலாகத் தடுப்பின்மேல் கையை வைத்தாள். பலகை சில்லென்று இருந்தது.

"கவலப்படாத. உனக்கும் வந்துடும்."

தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்றது குரல், தடுப்புக்கு வெகு அருகில். "உங்கம்மாவும் உன் வயசுல, இதே குரல்ல, அங்க நின்னுக்கிட்டு இதையேதான் சொன்னா."