பன்னிரண்டு கதவு

“பன்னிரண்டு கதவு! பன்னிரண்டையுமா வித்துட்டீங்க?”

“ஆமா மதாம். வித்துட்டேன்” என்றார் செல்வநாதன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை மனுஷன்.

ஜெர்லினுக்கு வந்ததே ஒரு கோபம்! பிரான்சில் முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். அங்கே பனி கொட்டும்போதெல்லாம் காரைக்காலில் கொள்ளுத்தாத்தா கட்டிய இந்த மாடி வீட்டைத்தான் நினைத்துக்கொள்வாள். ஆளுயரத் தேக்குச் சன்னல் கதவுகள். சாய்ந்த சட்டங்களுக்கு நடுவே வெயில் நுழைந்து, தரையெல்லாம் கோடு கோடாய்க் கிடக்கும். காற்றில் கதவு அசைந்தால் அந்தக் கோடுகளும் ஆடும். சின்ன வயசில் அதன்மேல் படுத்தபடியே தூங்கிப்போவாள்.

அந்தக் கனவோடுதான் 2007-ல் வந்து இறங்கினாள். காரை பெயர்ந்த சுவர், அரசங்கன்று முளைத்த மொட்டைமாடி, எதற்கும் அசரவில்லை. சன்னலெல்லாம் ஆவென்று திறந்து கிடந்ததைப் பார்த்ததும்தான் அழுதாள்.

“வேலியே பயிரை மேஞ்ச கதைதான்” என்றார் ஆசாரி கோவிந்தராசு. “போலீசுக்குப் போங்க மதாம்.”

“வேணாம். வேலை முடியிறவரைக்கும் இருக்கட்டும். மாதா கோயில் சாமியார் வந்து வீட்டை மந்திரிக்கிற அன்னைக்கு இவர் கிளம்பிடணும்.”

செல்வநாதன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மாடியேறினார். அவள் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டுக் காவல்காரர். பின்கட்டு அறையை விட்டால் அவருக்குப் போக்கிடமும் கிடையாது.

ஆறு மாசம் ஓடியது. ஊறின சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார்கள். சுவர் பாலாடை மாதிரி ஆனது. கோவிந்தராசு பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்துப் புதுக் கதவு செய்தார். ஒவ்வொன்றையும் தோள் கொடுத்து மாடிக்கு ஏற்றினவர் செல்வநாதன்.

“நடிப்பைப் பாருங்க” என்று ஆசாரி பல்லைக் கடித்தார்.

மந்திரித்த அன்று சாயங்காலம். தரையில் மறுபடியும் வெயில் கோடுகள் ஆடின. ஜெர்லின் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தாள். கனவா நனவா என்றிருந்தது.

எட்டிப் பார்த்தால், வாசலில் மண்டபத்தூர் மீன்காரம்மா தையல்நாயகி. கூடையை இறக்கிவிட்டு, மாடியையே அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ஜெர்லின் இறங்கிப் போனாள்.

“என்னம்மா வேணும்?”

“தெக்கால மூணாவது சன்னலை ஒருதரம் பாக்கணும் தாயீ. அந்தக் கதவைத்தான் எம்மவளுக்குக் காவக்கார அண்ணன் குடுத்தாரு.”

அட, வாங்கினவளே வந்துவிட்டாளா!

“எவ்வளவுக்கு வாங்குனீங்க?”

“வாங்குறதா? சுனாமியன்னைக்குப் பாடை கட்ட மூங்கிலுக்கு எங்க போறது தாயீ? புள்ளைங்க மணல்லயே கெடந்துச்சுங்க. அண்ணன்தான் இங்கேருந்து கதவைக் கழட்டி, வண்டியில ஏத்திக் கொண்டாந்தாரு. பன்னெண்டு கதவுல பன்னெண்டு பேரு. எம்மவ போனது மூணாவதுல.”

“அப்புறம்... திருப்பிக் கொண்டாரலையா?”

“பொணம் தூக்குனதை வாழுற வீட்டுக்குக் கொண்டாரலாமா? கூடவே குழியில வச்சு மூடிட்டோம்.”

செல்வநாதன் தகரப்பெட்டியோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். ஜெர்லின் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்ணே வித்துட்டேன்னு சொன்னீங்க?”

“அந்த வெயில்ல படுத்துத் தூங்கணும்னுதானே மதாம் இம்புட்டு தூரம் வந்தீங்க? திருடன் புகுந்த வீடுன்னா கோவம் வரும், போயிடும். பொணத்துக்குக் கதவு குடுத்த வீடுன்னா தூக்கம் வராதும்மா.”